பாக்கெட் இல்லாத மெஸ்

என் பெயர் கர்ணன். பெயரைப் பார்த்து யாரும் ஏமாந்துவிட வேண்டாம். இதுவரை நான் அள்ளி அள்ளிக் கொடுத்ததெல்லாம் வாக்குதான். அதைக் காப்பாற்றுகிற வேலையை முப்பது வருஷமாக என் மனைவி பாண்டீஸ்வரி பார்த்துக்கொள்கிறாள்.

கூடலூரில் குமுளி ரோட்டில் எங்கள் மெஸ் இருக்கிறது. எட்டு பெஞ்சு. மதியம் மட்டும் சாப்பாடு. ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப் டிரைவர்கள், மலையிறங்கி வருகிற வியாபாரிகள், அவசரமாக வந்து நிதானமாகச் சாப்பிடுகிற ஆபீஸ்காரர்கள், இவர்கள்தான் வாடிக்கை. நான் வாசலில் நின்று "வாங்க, வாங்க" என்பேன். பாண்டீஸ்வரி அடுப்படியில் நின்று மற்ற எல்லாவற்றையும் செய்வாள். சரியாகப் பங்கு பிரித்த குடும்பம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன தை மாதம் எங்களுக்கு நேர் எதிரே ஒரு ஓட்டல் திறந்தார்கள். கண்ணாடிக் கதவு. உள்ளே ஏசி. நாற்காலியில் உட்கார்ந்தால் எழுந்திருக்க மனசு வராத மெத்தை. ஒரே வாரத்தில் என் எட்டு பெஞ்சில் நாலு பெஞ்சு காலியானது. என் "வாங்க, வாங்க" ரோட்டில் போகிற லாரிக்குச் சொன்னதுபோல் ஆகிவிட்டது.

அப்படி என்னதான் போடுகிறார்கள் என்று பார்க்க ஒருநாள் காலையில் அந்த ஓட்டலின் பின்பக்கமாக நடந்தேன். குளிர்பெட்டி வைத்த ஒரு வேன் நின்றது. பரோட்டா அட்டைப்பெட்டியில் இறங்கியது. கல்லில் போட்டுத் திருப்பினால் போதும். அவித்து உரித்த முட்டை, பை நிறையத் தண்ணீரில் மிதந்தது. கிரேவி மூன்று நிறத்தில் பாக்கெட் பாக்கெட்டாக வந்தது. சிவப்பு, மஞ்சள், வெள்ளை. மூன்றையும் மாற்றி மாற்றிக் கலந்தால் மெனு கார்டில் இருக்கிற முப்பத்திநாலு அயிட்டமும் வந்துவிடும் போலிருந்தது. எங்கோ ஒரு ஆலையில், என்றோ ஒருநாள் ஆக்கியதை, இங்கே சுடவைத்து ஊற்றுகிறார்கள்.

எனக்குக் கொதித்தது. அன்றைக்கே கம்பத்துக்கு பஸ் ஏறிப்போய் ஒரு ஃப்ளெக்ஸ் போர்டு அடித்துக்கொண்டு வந்தேன். ரோட்டின் அந்தப் பக்கம் நின்றாலும் படிக்கலாம்.

"இங்கு பாக்கெட் பொருள் எதுவும் கிடையாது. எல்லாம் வீட்டுப் பக்குவம். அம்மியில் அரைத்த மசாலா மட்டுமே."

போர்டைக் கட்டிவிட்டு பாண்டீஸ்வரியைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து நின்று, நிதானமாக ஒரு தடவை படித்தாள்.

"இதுல அம்மின்னு போட்டிருக்கே."

"ஆமா."

"நாம மிக்சியிலதானே அரைக்கிறோம்."

"இனிமே அம்மியில அரைப்போம்."

"அம்மி எங்கன இருக்கு?"

நான் கொஞ்சம் யோசித்தேன். "பின்னாடி இருக்குல்ல. நீ துணி துவைக்கிற கல்லு."

"அதுவா அம்மி?"

"கவுத்துப் போட்டிருக்கோம். நிமித்துனா அம்மி."

"குழவி?"

"பின்கதவுக்கு முட்டுக் குடுத்திருக்கோம்ல, அது."

அவள் போர்டை இன்னொரு தடவை பார்த்தாள். "அரைப்போம்னு சொன்னீகளே. யாரெல்லாம்?" என்று கேட்டாள். அந்த நேரம் பார்த்து எதிரே ஒரு ஜீப் வந்து நின்றது. "வாங்க, வாங்க" என்று நான் அந்தப் பக்கம் திரும்பிவிட்டேன்.

இறங்கியது ராஜமணி. ஜீப் டிரைவர், பத்து வருஷமாக எங்களிடம் சாப்பிடுகிறவன். போர்டைப் பார்த்துவிட்டுத் தன் சட்டையைத் தடவிக்கொண்டான்.

"பாக்கெட் கிடையாதுன்னு போட்டிருக்கீகளே அண்ணே. என் சட்டையில ஒண்ணு இருக்கு. உள்ள வரலாமா?"

கூட்டம் திரும்பி வந்தது. அதைச் சொல்லத்தான் வேண்டும். ஏசியில் உட்கார்ந்து பழகியவர்கள்கூட, வியர்வையைத் துடைத்துக்கொண்டு என் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார்கள். "அம்மி மசாலாவா?" என்று கேட்பார்கள். "வேற என்ன?" என்பேன். உள்ளேயிருந்து கல்லும் கல்லும் உரசுகிற சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது. அரைக்கிற கை என்னுடையது இல்லையே.

பாண்டீஸ்வரி நாலு மணிக்கு எழுந்து வத்தலும் மல்லியும் சீரகமும் வறுத்து, விடியும் முன்னே அம்மியில் உட்கார்ந்துவிடுவாள். மூன்றாம் வாரம் அவள் தோளில் தைலவாசம் அடிக்க ஆரம்பித்தது. ஒருநாள் பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னாள்.

"அரைக்கிறதுக்கு மட்டும் ஒரு ஆளு போடுங்களேன்."

"ஆளு போட்டா கைப்பக்குவம் மாறிரும் பாண்டி. உன் கையில இருக்கிறது வேற யாரு கைக்கும் வராது."

அவள் அடுத்த பாத்திரத்தை எடுத்துத் தேய்த்தாள். பாராட்டிவிட்டேன், மனசு குளிர்ந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன். இப்போது யோசித்தால், அந்தப் பாராட்டைவிட ஒரு கிலோ பொரிகடலை வாங்கிக் கொடுத்திருந்தால் பிரயோஜனமாக இருந்திருக்கும்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் ஞானசெல்வி டீச்சர் வந்தார்கள். பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அவர்களுடைய ஹெட்மாஸ்டர் ஓய்வு பெறுகிறாராம். நாற்பது பேருக்கு மதியச் சாப்பாடு வேண்டும்.

"செஞ்சு அசத்திருவோம் டீச்சர்," என்றேன்.

"போர்டைப் பார்த்துத்தான் வந்தேன்," என்றார்கள். "ஆனா இப்பல்லாம் போர்டு எல்லாரும் வைக்கிறாக. எனக்கு வயித்துல புண்ணு. வெளியில சாப்பிட்டு ரெண்டு தடவை ஆஸ்பத்திரியில படுத்து எந்திரிச்சாச்சு. எங்க ஸ்டாஃபுல பாதிப்பேரு இப்படித்தான். அதனால தப்பா நினைக்காதீக. அரைக்கிறதை நான் ஒரு தடவை பார்க்கணும்."

"தாராளமா பாருங்க. நாளைக்கே வாங்க," என்று வாக்குக் கொடுத்தேன். பெயர்ப் பொருத்தம் விடுமா?

மறுநாள் காலை டீச்சர் வந்தார்கள். பள்ளிக்கூடம் போகிற வழி. பாண்டீஸ்வரிக்கு முன்கூட்டியே சொல்லியிருந்தேன். அவளும் வத்தல், மல்லியெல்லாம் வறுத்து, தண்ணீர் வைத்து, எல்லாம் தயாராக அம்மிப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். ஆனால் நின்றுகொண்டே இருந்தாள்.

"உக்காருங்கக்கா. நீங்க அரைக்கிறதைத்தான் பார்க்க வந்தேன்," என்றார்கள் டீச்சர்.

பாண்டீஸ்வரி என்னைப் பார்த்தாள். பிறகு டீச்சரைப் பார்த்தாள். முகத்தில் ஒரு வருத்தம் வந்து உட்கார்ந்தது. இந்த முப்பது வருஷத்தில் அப்படி ஒரு நடிப்பை நான் பார்த்ததில்லை.

"நான் எங்க டீச்சர் அரைக்கிறேன்? சோறு ஆக்குறது, குழம்பு கூட்டுறதுதான் நானு. மசாலா அரைக்கிறது அவுகதான். அம்மின்னு போர்டு வெச்சதே அவுகதானே. என்னையத் தொடவே விடமாட்டாக. பக்குவம் மாறிருமாம்."

டீச்சர் மெதுவாக என் பக்கம் திரும்பினார்கள். பரீட்சையில் நூற்றுக்கு நூறு வாங்கிய பையனைப் பார்க்கிற பார்வை.

நான் என்ன செய்ய முடியும்? இல்லை என்று சொன்னால் என் மனைவி பொய் சொல்கிறாள் என்று ஆகும். அதோடு, தோள் நொந்த பொம்பளையை அம்மியில் உட்காரவைத்துவிட்டு நான் வாசலில் நின்று போர்டு காட்டிக்கொண்டிருக்கிறேன் என்பதும் வெளியே வரும். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அம்மி முன்னால் உட்கார்ந்தேன்.

குழவியை எப்படிப் பிடிப்பது என்றே தெரியவில்லை. முதல் இழுப்பில் வத்தல் சிதறியது. இரண்டாம் இழுப்பில் என் விரல் நசுங்கியது.

"இன்னைக்கு அவுகளுக்குக் கொஞ்சம் கை வழுக்குது," என்றாள் பாண்டீஸ்வரி பக்கத்தில் நின்றுகொண்டு. "தினமும் இப்படி இல்ல. ரெண்டு கையாலயும் பிடிங்க. எப்பவும் பிடிக்கிறாப்புல."

டீச்சர் செல்போனை எடுத்து வீடியோ பிடித்துக்கொண்டார்கள். அரை மணி நேரம் அரைத்தேன். அரை உயிர் போனது. மீதி அரையை வைத்துக்கொண்டு டீச்சரைக் கும்பிட்டு அனுப்பினேன். நாற்பது சாப்பாடும் உறுதியானது.

அந்த வீடியோவை டீச்சர் பள்ளிக்கூட வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டார்கள். அங்கிருந்து அது எங்கெங்கு போனது என்று தெரியவில்லை. சாயங்காலம் ராஜமணி தன் போனைக் கொண்டுவந்து காட்டினான். கீழே, "மனைவியைத் தொடவிடாமல் தானே மசாலா அரைக்கும் கணவர், கூடலூர்" என்று எழுதியிருந்தது.

மறுநாள் காலையில் கதவைத் திறந்தால் நாலைந்து பெண்கள் நிற்கிறார்கள். எஸ்டேட்டுக்குப் போகிற வழியில் ஜீப்பை நிறுத்திப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தார்களாம். அதற்கடுத்த நாள் சிலர் வீட்டுக்காரரையும் கையோடு இழுத்துக்கொண்டு வந்தார்கள். "இங்கன பாருங்க, இவரும் ஆம்பளைதான்," என்று காட்டினார்கள். அந்த ஆண்கள் என்னைப் பார்த்த பார்வையைச் சொல்ல முடியாது. கூடலூரில் எனக்கு எதிரிகள் உண்டானது அந்த வாரத்தில்தான்.

நான் தினமும் அரைத்தேன். வேறு வழியில்லை. நாலாம் நாள் சாப்பிட உட்கார்ந்தபோது தண்ணீர் டம்ளரைத் தூக்க முடியவில்லை. இடது கையால் தூக்கிக் குடித்தேன்.

"பாண்டி, இதை நீ எப்படி ஒரு மாசமா அரைச்ச?"

"ஒரு மாசம் இல்ல. நாப்பத்திரெண்டு நாளு."

எண்ணி வைத்திருக்கிறாள். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் உடனே தோள் வலித்தது. இரண்டு வலி ஒன்றாக வந்தால் பெரியதைத்தான் மனுஷன் கவனிப்பான். நான் தோளைக் கவனித்தேன்.

அன்றைக்கு ராஜமணியைத் தனியாகக் கூப்பிட்டேன்.

"ஏலே ராஜமணி, குமுளிக்குப் போறப்ப எனக்கு மசாலாப் பொடி வாங்கிட்டு வரணும். பாக்கெட்டு. ரெண்டு வாரத்துக்கு ஆகுறாப்புல."

"நம்ம கடைக்கா?"

"மெதுவாப் பேசு."

"இங்கனயே கிடைக்குமேண்ணே."

"இங்கன வாங்குனா ஊருக்கே தெரிஞ்சுபோகும். அதான் மலைமேல அனுப்புறேன்."

ராஜமணி நல்லவன். ஒரு கேள்வியும் கேட்காமல் அன்று சாயங்காலமே ஒரு சாக்கு நிறைய வாங்கி வந்து பின்பக்கம் வைத்துவிட்டுப் போனான். பாக்கெட்டின் மேல் ஒரு அம்மா சிரித்துக்கொண்டிருந்தாள். தலைக்குப் பூ, இடுப்பில் செருகிய முந்தானை. "அம்மாவின் கைப்பக்குவம்" என்று பெரிதாகப் போட்டிருந்தது. திருப்பினால் பொடி எழுத்தில் ஒரு ஆலையின் விலாசம். அந்த அம்மா பாவம், அந்த ஆலையில் எந்த ஷிப்டில் வேலை பார்க்கிறாளோ என்று நினைத்துக்கொண்டேன்.

எனக்கு நல்ல நேரம். அந்த வாரத்திலிருந்து பாண்டீஸ்வரி மத்தியானம் வேலை முடிந்ததும் அடுத்த தெருவில் இருக்கிற தங்கச்சி வீட்டுக்குப் போக ஆரம்பித்தாள். அவள் தலை மறைந்ததும் பாக்கெட்டுகளைக் கத்தரித்து பெரிய எவர்சில்வர் டப்பாவில் கொட்டிவைப்பேன். காலையில் பாண்டீஸ்வரி அடுப்படியில் இருக்கும்போது, பார்வையாளர்கள் வருவதற்கு முன்னால் அந்தப் பொடியைத் தண்ணீர் விட்டுக் குழைத்து அம்மியில் வைத்துக்கொள்வேன். அவர்கள் வந்ததும் குழவியை நாலு இழுப்பு இழுப்பேன். "எவ்வளவு மையா அரைச்சிருக்காரு," என்பார்கள். ஆலையில் அரைத்தது மையாக இல்லாமல் எப்படி இருக்கும்?

முதல் நாள் எனக்குப் பயம். யாராவது ஒரு வாய் வைத்துவிட்டு முகத்தைச் சுளிப்பார்கள் என்று வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்துகொண்டிருந்தேன். யாரும் சுளிக்கவில்லை. ராஜமணிக்கு விஷயம் தெரியும். அவன் நன்றாகப் பிசைந்து சாப்பிட்டுவிட்டு என்னைப் பார்த்து, "அதே ருசிண்ணே, ஒரு மாத்தமும் இல்ல," என்றான்.

எல்லாரும் போனபிறகு மூன்று மணிக்கு நான் சாப்பிட உட்கார்ந்தேன். எனக்கு எப்போதும் பாண்டீஸ்வரி உள்ளேயிருந்து தட்டில் போட்டுக் கொண்டுவருவாள். பயந்து பயந்து ஒரு வாய் எடுத்து வைத்தேன். அதே குழம்பு. அதே மணம். எனக்கும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

அன்றைக்கு நான் நிறைய யோசித்தேன். பொதுவாக யோசிக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. தோள் சும்மா இருந்ததால் மூளைக்கு வேலை வந்துவிட்டது. வீட்டுப் பக்குவம், கைமணம் என்று வாசலில் நின்று முப்பது வருஷம் பேசியிருக்கிறேனே, அதெல்லாம் வாய்ப்பேச்சுத்தானா? ஆலைக்காரன் ஒரு பாக்கெட்டில் போட்டுக் கொடுப்பதற்கும் என் வீட்டில் ஒருத்தி நாலு மணிக்கு எழுந்து வறுத்து அரைத்ததற்கும் நாக்குக்கு வித்தியாசம் தெரியாது என்றால், அவள் எதற்காக அத்தனை வருஷம் எழுந்தாள்? அவளுடைய தூக்கமெல்லாம் எங்கே போனது? எனக்கு அவள்மேல் இரக்கமாக வந்தது. யாருக்கும் தேவையில்லாத ஒன்றை அவளைச் செய்யவைத்துவிட்டோம் என்று வருத்தமாக இருந்தது. அந்த வருத்தத்தோடேயே இன்னொரு கரண்டி குழம்பு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

எட்டாம் நாள் சனிக்கிழமை, டீச்சருடைய விருந்து. நாற்பது வாத்தியார்கள். டீச்சர் என்னிடம் வந்து, "நீங்க அரைச்சதுன்னு தெரிஞ்சதாலதான் இன்னைக்குப் பயமில்லாம உக்காந்து சாப்பிடுறேன்," என்றார்கள். "சாப்பிடுங்க டீச்சர்," என்று சொல்லிவிட்டு வேகமாக வாசலுக்குப் போய்விட்டேன். அவர்கள் இலையைவிட்டு எழுந்திருக்கிற வரைக்கும் அவர்கள் கை வயிற்றுக்குப் போகிறதா என்றே பார்த்துக்கொண்டிருந்தேன். போகவில்லை. ஹெட்மாஸ்டர் இரண்டு தடவை குழம்பு கேட்டார். போகும்போது என் கையைப் பிடித்துக் குலுக்கினார். வலித்தது.

எல்லாரும் போனபிறகு அடுப்படிக்குப் போனேன். பாண்டீஸ்வரி அண்டாவைக் கழுவிக்கொண்டிருந்தாள். இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். என் கணக்கில் அது பாவமன்னிப்புக் கேட்பது இல்லை. அவளுக்கு நான் கொடுக்கப்போகிற பரிசு.

"பாண்டி, ஒண்ணு சொல்லுவேன். கோவப்படக் கூடாது."

"சொல்லுங்க."

"எட்டு நாளா நாம குழம்புல போட்டது அம்மி மசாலா இல்ல. பாக்கெட்டு."

அவள் அண்டாவைத் தேய்ப்பதை நிறுத்தவில்லை.

"யாராவது கண்டுபிடிச்சாகளா? இன்னைக்கு வந்தது நாப்பது வாத்தியாருக. பரீட்சைப் பேப்பர்ல ஒரு புள்ளி விட்டாலும் சுழிக்கிற ஆளுக. ஒருத்தருக்காவது தெரிஞ்சுச்சா?"

"தெரியல. அதனால?"

"அதனால உனக்கு இனிமே விடுதலை. வறுக்க வேண்டாம், அரைக்க வேண்டாம். காலைல நல்லாத் தூங்கு. எல்லாம் உன் தோளு வலிக்குதேன்னுதான் செஞ்சேன்."

அவள் அண்டாவைக் கவிழ்த்து வைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"என் தோளு வலிக்குதுன்னா பாக்கெட்டு வாங்குனீக?"

"ஆமா."

"எனக்கு நாப்பத்திரெண்டு நாளு வலிச்சுச்சு. அப்ப குமுளியில பாக்கெட்டு விக்கலையா?"

நான் அடுப்பைப் பார்த்தேன். அடுப்பு அணைந்திருந்தது. அதிலிருந்து ஒரு உதவியும் வரவில்லை.

"உங்க தோளு நாலு நாளு வலிச்சதும் குமுளிக்கு வண்டி போகுது," என்றாள். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன்.

பிறகு அவளே சொன்னாள். "குமுளியில வாங்குனது எனக்கு எப்படித் தெரியும்னு நீங்க கேக்கலையே."

அப்போதுதான் உறைத்தது. நான் குமுளி என்று அவளிடம் சொல்லவே இல்லை.

"ராஜமணி அந்தச் சாக்கைக் கொண்டாந்து முதல்ல எங்கிட்டத்தான் குடுத்தான். மதினி, அண்ணன் உங்களுக்குத் தெரியாம வாங்கச் சொன்னாக, எங்கன வைக்கட்டும்னு கேட்டான். பின்னாடி வைன்னு நாந்தான் சொன்னேன்."

ராஜமணி நல்லவன் என்று மேலே எழுதியிருக்கிறேன். அதை அடிக்கவில்லை. நல்லவன்தான். யாருக்கு என்பதை மட்டும் நான் பார்க்கவில்லை.

"அப்ப எட்டு நாளும் நீ தெரிஞ்சேதான் பாக்கெட்டைக் கலந்தியா?"

"நான் ஏன் கலக்குறேன்? மத்தியானம் தங்கச்சி வீட்டுல உக்காந்து வறுத்து, அவ மிக்சியிலதான் பொடி பண்ணினேன். சாயங்காலம் நீங்க டீக்குடிக்கப் போனதும் டப்பாவுல இருக்கிறதை எடுத்துட்டு என் பொடியைக் கொட்டி வெச்சிருவேன். ஊரு சாப்பிட்டதெல்லாம் அதான். டீச்சரு இன்னைக்குச் சாப்பிட்டதும் அதான்."

எனக்கு நின்ற இடத்திலேயே உட்கார வேண்டும் போலிருந்தது. உட்கார்ந்தேன். முதலில் வந்தது நிம்மதி. டீச்சர் வயிற்றுக்கு ஒன்றும் ஆகாது. அதற்கப்புறம்தான் மற்றதெல்லாம் வந்தது.

"அந்தம்மா வயித்துக்குப் பயந்து நேர்ல வந்து பாத்துட்டுப் போனாக," என்றாள். "நம்பி உக்காருறவுகளுக்கு எப்படி மாத்தி ஊத்துறது? அம்மின்னு சொல்லிட்டு மிக்சியில அரைச்சேனே, அதுவே எனக்கு உறுத்துது. அந்த அம்மிங்கிற வார்த்தை மேல மொதல்ல ஒரு பேப்பரை ஒட்டுங்க."

"ஒட்டிர்றேன். ஆனா பாண்டி, அந்தப் பாக்கெட்டுப் பொடியெல்லாம் என்னாச்சு? கீழ கொட்டிட்டியா?"

"காசு குடுத்து வாங்குனதை யாராவது கொட்டுவாகளா? உங்களுக்கு மட்டும் தனியா ஒரு சின்னச் சட்டியில வெச்சேன்."

"எட்டு நாளுமா?"

"எட்டு நாளும். ரெண்டு நாளு இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிச் சாப்பிட்டீக."

ஊரில் யாருக்கும் நாக்கு இல்லை என்று நான் போட்ட கணக்கு எல்லாம் சரிந்து விழுந்தது. நாக்கு இல்லாதவன் ஒருவன்தான். அவன்தான் வாசலில் நின்று ருசியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவன்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். எனக்கு வேறு என்ன வழி?

சிரித்து முடித்ததும், "நாளைக்கு ஞாயித்துக்கிழமை. கடையை மூடிட்டு என்னைய எங்கிட்டாவது கூட்டிட்டுப் போயிச் சாப்பாடு வாங்கிக் குடுங்க," என்றாள். யோசித்துப் பார்த்தேன். முப்பது வருஷத்தில் அவள் அப்படிக் கேட்டதும் இல்லை, நான் கேட்டதும் இல்லை. சாப்பாட்டுக் கடைக்காரன் பொண்டாட்டிக்குச் சாப்பாடு வாங்கிக் கொடுப்பது என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

மறுநாள் காலையில் முதல் வேலையாக "அம்மியில்" என்ற வார்த்தை மேல் பேப்பர் ஒட்டினேன். பிறகு பஸ் ஏறி குமுளிக்குப் போனோம். பாண்டீஸ்வரி கருநீலச் சேலை கட்டியிருந்தாள். கடைத்தெருவில் நாலு ஓட்டலைக் கடந்து, ஒரு பெரிய ஓட்டலாகப் பார்த்து அவளே நுழைந்தாள். ஜன்னலோரமாக உட்கார்ந்தோம். பரோட்டாவும் பன்னீர் கிரேவியும் சொன்னாள்.

வந்தது. கிரேவியைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. வேனிலிருந்து இறங்கிய அந்தச் சிவப்பு. இத்தனை நடந்தும் என் வாய் சும்மா இருக்கவில்லை. குனிந்து, ரகசியமாக, "பாண்டி, இது பாக்கெட்டு," என்றேன்.

"தெரியும்," என்றாள். "பரோட்டாவும் பெட்டியில வந்ததுதான். மடிப்பைப் பாத்தாலே தெரியுது."

"தெரிஞ்சுமா சாப்பிடுற?"

ஒரு துண்டைப் பிய்த்து கிரேவியில் தோய்த்து, நிதானமாக மென்று விழுங்கிவிட்டுத்தான் பதில் சொன்னாள்.

"யாரோ சுடவெச்சாக. யாரோ கொண்டாந்து வெச்சாக. தட்டை எடுக்கவும் யாரோ வருவாக. நான் சும்மா உக்காந்திருக்கேன். நல்லாத்தான் இருக்கு."

நானும் என் பரோட்டாவைப் பிய்த்தேன். ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு சாப்பிட்டாள். அவள் சூடாக இருக்கும்போது சாப்பிட்டு நான் பார்த்ததே அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன். மெஸ்ஸில் எல்லாருக்கும் போட்டு, எனக்கும் போட்டு, நாலு மணிக்கு ஆறிப்போனதை நின்றுகொண்டே சாப்பிடுவாள். புதிதாக ஆக்கியதா, பாக்கெட்டில் வந்ததா என்று ஊரெல்லாம் கேட்கிறோம். போர்டும் வைக்கிறோம். ஆக்கியவள் எப்போது சாப்பிட்டாள் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

என் கண் கலங்கிவிட்டது. கிரேவியின் காரம் என்று சொல்லிக்கொள்ளலாம் என்றால், அதில் காரமே இல்லை.

"பாண்டி," என்றேன். "மனசாரச் சொல்றேன். யாருக்கும் காட்டுறதுக்கு இல்ல, வீடியோவுக்கு இல்ல. நாளையிலருந்து வறுக்கிறது, அரைக்கிறது, மசாலா வேலை மொத்தமும் என்னோடது. நீ அந்தப் பக்கமே வராத. இது நான் உனக்குக் குடுக்குற வாக்கு."

அவள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னையே கொஞ்ச நேரம் பார்த்தாள். அவள் கண்ணும் லேசாக மின்னியதுபோல் இருந்தது. இனி ஏதோ உருக்கமாகச் சொல்லப்போகிறாள் என்று நான் முன்னால் சாய்ந்தேன்.

"மசாலா சரி," என்றாள். "தினமும் நாலு கிலோ சின்ன வெங்காயம் இருக்கே, அதை யாரு உரிப்பா?"